பள்ளுருத்தியின் மூன்று சென்ட்

வெளிநாட்டில் நம்மாட்கள் நாலு பேர் சேர்ந்தால் பேச்சு சுற்றிச் சுற்றி வீட்டில்தான் வந்து நிற்கும். எந்த ஏரியா, எந்தப் பள்ளிக்கூட எல்லை, வட்டி எவ்வளவு. போன வாரம் ஒரு நண்பர் புலம்பினார். கடனை இழுத்துப் பிடித்தால் பணக்கார ஏரியாவில் சின்னதாய் ஒரு வீடு வாங்கிவிடலாம். ஆனால் பையனின் வகுப்பில் மற்ற எல்லோரும் லீவுக்கு பனிச்சறுக்கு விளையாடப் போவார்கள், இவன் மட்டும் வீட்டில் டிவி பார்ப்பான். சுமாரான ஏரியா என்றால் அந்தக் கவலை இல்லை, பள்ளிக்கூடமும் சுமார். எது பிள்ளைக்கு நல்லது?

நான் அவருக்கு நேராகப் பதில் சொல்லாமல் பள்ளுருத்தியைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டேன். அவர் பாதியில் கிளம்பிப் போய்விட்டார். நீங்களாவது இருங்கள் :-)

கொச்சிக்கு டூர் போனவர்கள் மட்டாஞ்சேரி அரண்மனை, யூதர் தெரு, ஃபோர்ட் கொச்சியின் சீனவலை எல்லாம் பார்த்திருப்பீர்கள். அங்கிருந்து தெற்கே தோப்பும்படி தாண்டினால் பள்ளுருத்தி. போட்டோ எடுக்கும்படி அங்கே ஒன்றும் இல்லை என்று டாக்ஸிக்காரர் சொல்லிவிடுவார்.

மட்டாஞ்சேரிப் பக்கம் ஒரு பிள்ளை எங்கே வளரும் என்பதைச் சமூகம்தான் முடிவு செய்தது. கொங்கணிகளுக்குத் திருமலை தேவசுவம் கோயிலைச் சுற்றிய தெருக்கள், குஜராத்திகளுக்கு ஒரு தெரு, கச்சி மேமன்களுக்கு ஒரு பக்கம். நம் தமிழ் வண்ணார்களுக்கு வெளி மைதானத்துப் பக்கம். டச்சுக்காரர்கள் காலத்தில் சிப்பாய்களின் துணி வெளுக்கக் கொண்டுவரப்பட்டவர்களின் வழி வந்தவர்கள் அவர்கள் என்பது வழிவழியாக வரும் செய்தி. குளம் குளமாய் வெளுத்துக்கொண்டிருந்தவர்களுக்கு 1976-இல்தான் கொச்சி வளர்ச்சி ஆணையம் தோபிகானா கட்டிக்கொடுத்தது. கொங்கணிக்கும் குஜராத்திக்கும் கோயிலோடு பள்ளிக்கூடமும் சொந்தமாய் இருந்தது. பணக்கார வியாபாரியின் பிள்ளையும் அவர் கடைக் கணக்குப்பிள்ளையின் பிள்ளையும் ஒரே தெருவில் வளர்ந்தார்கள். பணத்தில் ஒட்டாவிட்டாலும் மொழியில், சாமியில் ஒட்டிக்கொண்டார்கள்.

பள்ளுருத்தியின் கதை வேறு. அங்கே அழகியகாவு பகவதி கோயில் மைதானத்தில் தனு மாதம் (நம் மார்கழி) கடைசி வியாழக்கிழமை 'புலவாணிபம்' என்று ஒரு சந்தை நடக்கும். பெயரைப் பிரித்தாலே வரலாறு வந்துவிடும்: புலையர் வாணிபம். கோயிலுக்குள் நுழைய முடியாத புலையர்கள் ஆண்டில் ஒரு நாள் மட்டும் வந்து கும்பிட்டு, பாய், கூடை, முறம் என்று கையால் செய்ததை விற்றுப் போகக் கிடைத்த அனுமதி. மற்ற நாட்களில் அந்தப் பிள்ளைகளுக்கு அந்த மைதானம் கிடையாது. இதே கொச்சி ராஜ்ஜியத்தில்தான் 1913-இல் புலையர்கள் கூட்டம் போடக் கரையில் இடம் கிடைக்காமல், காயலில் வள்ளங்களைச் சேர்த்துக் கட்டி அதன்மேல் கூட்டம் நடத்தினார்கள். பண்டிட் கறுப்பனும் கிருஷ்ணாதி ஆசானும் முன்னின்ற அந்தக் காயல் சம்மேளனம் பற்றித் தமிழில் யாராவது விரிவாக எழுத வேண்டும்.

1916-இல் ஸ்ரீநாராயண குரு பள்ளுருத்தியில் பவானீஸ்வரர் கோயிலைப் பிரதிஷ்டை செய்தார். கோயில் வாசலில் தடுக்கப்பட்ட ஈழவர்கள் தங்களுக்கென்று எழுப்பிக்கொண்ட கோயில். அதை நடத்தும் ஸ்ரீதர்ம பரிபாலன யோகமே பள்ளிக்கூடங்களையும் நடத்துகிறது. குருவின் இயக்கத்தில் கோயிலும் பள்ளிக்கூடமும் சேர்ந்தேதான் வரும். உடனே எல்லாம் சமமாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். அடுத்த ஆண்டே, 1917-இல், வைப்பின் தீவின் செறாயியில் சகோதரன் ஐயப்பன் புலையர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டதற்கு, சொந்த ஈழவ சமூகமே அவரை விலக்கி 'புலையன் ஐயப்பன்' என்று பட்டம் கொடுத்தது.

அப்புறம் துறைமுகம் வந்தது. 1920-இல் வந்த ராபர்ட் பிரிஸ்டோ மணல்திட்டை வெட்டி, தோண்டிய மண்ணைக் கொட்டி வெல்லிங்டன் தீவையே உண்டாக்கினார். வேலை குவிந்தது. ஆனால் அது தினக்கூலி வேலை. மூப்பன்கள் கூட்டத்துக்குள் 'சாப்பா' என்ற உலோக வில்லையை வீசுவார்கள்; அடித்துப் பிடித்து எடுத்தவனுக்கு அன்று வேலை, மற்றவன் வெறுங்கையோடு வீட்டுக்கு. இதற்கு எதிரான போராட்டத்தில் 1953 செப்டம்பர் 15 அன்று மட்டாஞ்சேரியில் துப்பாக்கிச் சூடு நடந்து தொழிலாளர்கள் செத்தார்கள். ராஜீவ் ரவியின் 'துறமுகம்' (2023) படம் இந்தக் கதைதான். சாப்பா ஒழிந்து வேலை முறைப்படுத்தப்பட்டதைச் சம்பள விஷயமாக மட்டுமே எல்லோரும் எழுதுகிறார்கள். எனக்கு அது வீட்டு விஷயமாகவும் படுகிறது. நாளைக்கு வேலை உண்டா என்று தெரியாதவன் மாத வாடகைக்கு எப்படி ஒத்துக்கொள்வான்? பிள்ளைக்கு எந்த தைரியத்தில் புத்தகம் வாங்குவான்?

இனி நிலம். எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி இதுதான். 1967 நவம்பர் 1-இல் கொச்சி மாநகராட்சி உருவானபோது எர்ணாகுளம், மட்டாஞ்சேரி, ஃபோர்ட் கொச்சி நகராட்சிகளோடு பள்ளுருத்தி பஞ்சாயத்தையும் சேர்த்துவிட்டார்கள். 1970 ஜனவரி 1-இல் கேரள நிலச் சீர்திருத்தச் சட்டத் திருத்தம் அமலுக்கு வந்தது. அடுத்தவர் நிலத்தில் குடிசை போட்டிருந்த 'குடிகிடப்புக்காரர்' அந்த இடத்தைச் சந்தை விலையின் கால் பங்குக்கு வாங்கிக்கொள்ளலாம். எவ்வளவு? பஞ்சாயத்தில் 10 சென்ட், சிறு நகராட்சியில் 5, மாநகரத்தில் 3.

ஆக, கும்பளங்கிப் பஞ்சாயத்துக்காரருக்குப் பத்து சென்ட் உரிமை. பக்கத்திலேயே பள்ளுருத்திக்காரருக்கு மூன்று. சுமார் 1,300 சதுர அடி. மாநகரவாசி ஆனதற்குக் கிடைத்த பரிசு! சட்டத்தை இப்படிப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது என் கணக்கு. ஆனால் அந்தச் சந்துகளில் நடந்தவர்களுக்குப் புரியும். மூன்று சென்டில் ஒரு வீடு, ஒரு தென்னை, ஒரு கிணறு. அண்ணன் தம்பி பிரித்துக்கொண்டால் ஒன்றரை. யார் வீட்டிலும் ஒளித்துவைக்க இடம் இல்லை. பக்கத்து வீட்டில் இன்று என்ன மீன் என்பது வாசனையிலேயே தெரியும். பிள்ளைகளுக்குள் 'என் வீடு பெரிசு' என்ற பேச்சு எடுபடாது. அதன் மறுபக்கமும் உண்டு: படிக்க ஒரு தனி மூலை யாருக்கும் கிடையாது.

இசையமைப்பாளர் எம்.கே. அர்ஜுனன் மாஸ்டர் வாழ்ந்த ஊரும் இதுதான். 1936-இல் ஃபோர்ட் கொச்சியில் பதினான்கு பிள்ளைகள் பெற்ற ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். கைக்குழந்தையாய் இருக்கும்போதே அப்பா இறந்துவிட, சோற்றுக்கு வழியில்லாமல் அம்மா அவரையும் ஓர் அண்ணனையும் நம் பழனியில் ஓர் ஆசிரமத்துக்கு அனுப்பினார். சங்கீதம் கற்றது அங்கேதான். ஏ.ஆர். ரகுமானுக்கு ஆரம்ப காலத்தில் கீபோர்டு வாசிக்க வாய்ப்புக் கொடுத்தவர் என்றால் நம்மவர்களுக்கு உடனே பிடிகிடைக்கும். சினிமாவில் பெயர் வந்த பிறகும் வீடு பள்ளுருத்தியிலேயே. 2020 ஏப்ரலில் அங்கேயே காலமானார்.

இன்றைக்கு நிலைமை மாறிக்கொண்டிருக்கிறது. தோப்பும்படியில் 2001-இல் புதுப் பாலம் வந்தது, 2014-இல் அதன் டோலும் போனது. எர்ணாகுளத்தில் வேலை பார்ப்பவர்கள் பாலத்துக்கு மேற்கே வீடு தேடுகிறார்கள்.

2023-இல் பள்ளுருத்திக்குப் பக்கத்து முண்டம்வேலியில் அரசு அடுக்குமாடிகள் திறக்கப்பட்டன. எர்ணாகுளத்தில் பேரண்டூர் கால்வாய்க் கரையில், மழைக்கு மழை சாக்கடைத் தண்ணீர் வீட்டுக்குள் புகுந்த பி அண்ட் டி காலனிக்காரர்களுக்காகக் கட்டியவை. எண்பதுக்கு மேற்பட்ட குடும்பங்கள். நானூறு சதுர அடிக்கும் குறைவான வீடுதான், ஆனால் தண்ணீர் ஏறாத மாடி, சொந்தப் பெயரில் ஒரு கதவு. சீக்கிரமே ஒழுகுகிறது என்ற புகாரும் வந்தது, அது ஒரு பக்கம். பழைய காலனியிலிருந்து இங்கே வர இரண்டு பாலம் தாண்ட வேண்டும். பிள்ளை பழைய பள்ளிக்கூடத்திலேயே படித்தால் காலையில் இரண்டு பாலம், சாயந்திரம் இரண்டு பாலம், பஸ் கூலி தனி. இந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தால், முதல் நாள் பக்கத்து பெஞ்சுக்காரன் கேட்பான்: "நீ அந்த ஃபிளாட்டா?"