ஆபுத்திரனும் ஆதுலர் சாலையும்

காஞ்சிக்குத் தெற்கே சேயாற்றங்கரையில் அமைந்த மாகறல், திருஞானசம்பந்தர் பதிகம் பெற்ற தொண்டைநாட்டுத் தலமாகும். அவ்வாறு கீழ்நோக்கிச் சென்று பாலாற்றொடும் வேகவதியொடும் கலக்கும் இடம் திருமுக்கூடல். இவ்விரண்டு ஊர்களுக்கும் இடைப்பட்ட நிலத்தையும், அண்மையிலுள்ள காஞ்சி நகரையும் களமாகக் கொண்டு, பெற்றோரும் இல்லமும் இன்றித் தெருவில் நின்ற சிறார்க்கு நம் சமுதாயம் செய்தது யாது, செய்யத் தவறியது யாது என ஆராயப் புகுகின்றோம். களம் சிறிதாயினும், சென்னையையும் பிற ஊர்களையும் தொடாமல் இவ்வாராய்ச்சி நிறைவுறாது.

ஆதரவற்ற மகாரைப் பேணும் நிலையங்கள் மேனாட்டார் வருகைக்குப் பின்னரே இந்நாட்டில் தோன்றின என்பர் ஒரு சாரார். அறம் தழைத்த தமிழகத்தில் அத்தகைய சிறாரே இருந்திலர் என்பர் மற்றொரு சாரார். இரண்டும் பொருந்தா என்பது எம் கருத்து. பின்னதனை மறுக்க மணிமேகலை ஒன்றே சாலும்.

அக்காப்பியம் கூறும் ஆபுத்திரன் வரலாற்றை அமுதசுரபியின் பெருமை கூறும் கிளைக்கதை என்ற அளவில் படித்து அமைவதே வழக்கமாக உள்ளது. அதனைக் கைவிடப்பட்ட ஒரு குழந்தையின் வரலாறாக ஒருமுறை படித்தல் வேண்டும். வாரணாசியில் வாழ்ந்த அபஞ்சிகன் என்னும் அந்தணனின் மனைவி சாலி, கற்பு வழுவிக் குமரியாடப் போந்தவள், ஈன்ற மகவைத் தோட்டத்தில் இட்டு நீங்குகின்றாள். ஏழு நாள் ஆவொன்று பால் சுரந்து காக்கின்றது. மகப்பேறில்லாத இளம்பூதி என்னும் அந்தணன் எடுத்துச் சென்று, தன் மகன் என வளர்த்து, ஓதுவன எல்லாம் ஓதுவிக்கின்றான். இதுவரை குறையொன்றும் இல்லை. வேள்விக்கெனக் கட்டிய ஆவினை அச்சிறுவன் இரவில் அவிழ்த்துக்கொண்டு சென்ற பின்னரே, ‘இவன் யார் பெற்ற மகன்’ என்னும் வினா எழுகின்றது. சாலியை அறிந்த ஒருவன் பிறப்பினை வெளியிடுகின்றான். வளர்த்த தந்தையே கைவிடுகின்றான். அவ்வூரார் அவன் நீட்டிய கலத்தில் சோற்றுக்கு மாறாகக் கல்லை இடுகின்றனர்.

ஈண்டு ஒன்று நோக்கத்தக்கது. அவன் பேரில் சுமத்தப்பட்ட குற்றம் ஆவினைக் கவர்ந்தமை. அவனை வெளியேற்றியதோ பிறப்பு. குற்றம் செய்த சிறுவனும் ஆதரவற்ற சிறுவனும் ஒருவனாகவே கருதப்படும் நிலையைச் சாத்தனார் நுட்பமாகக் காட்டியுள்ளார். பின்னர் எழுந்த சட்டங்களும் இச்சிக்கலில் அகப்பட்டுக்கொண்டதை மேலே காண்போம்.

மதுரை சென்ற ஆபுத்திரன் சிந்தாதேவி கோயிலின் முன்றிலில் தங்கினான். பகலெல்லாம் மனைதோறும் இரந்து, கண்ணிலார், செவியிலார், முடவர், பிணியாளர், பேணுநர் இல்லாதார் ஆகியோரை அழைத்து ஊட்டி, எஞ்சியதை உண்டு, அவ்வோட்டையே தலைக்கு அணையாக வைத்து உறங்கினான். இன்று பெருநகரங்களின் இருப்பூர்தி நிலையங்களில் மூத்த சிறுவன் இளையோர்க்குச் சோறு பகிர்ந்து கொடுப்பதை நேரிற் கண்டோர்க்கு இப்பகுதி புனைந்துரையாகத் தோன்றாது. அமுதசுரபி பின்னர்க் காஞ்சிக்கும் வந்தது. வற்கடத்தால் வாடிய அந்நகரில் மணிமேகலை அதனைக் கொண்டு பசித்தார் எல்லார்க்கும் உணவளித்தாள் என்று காப்பியம் கூறும். அங்கே குலமும் பிறப்பும் வினவப்படவில்லை.

காப்பியத்தை விட்டுக் கல்வெட்டுக்கு வருவோம். மாகறலுக்கு அணித்தாய உத்தரமேரூரில் முதற் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் (919, 921) குடவோலை முறையை விரித்துரைக்கின்றன. ஆட்டை வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம், பொன் வாரியம், பஞ்சவார வாரியம் என ஊர்ப்பணிகள் வகுக்கப்பட்டன. ஏரிக்கு ஒரு வாரியம் உண்டு. தாயற்ற மகவுக்கு இல்லை. இன்மையைக் கொண்டு மட்டும் எதனையும் துணிதல் ஆகாது. உற்றாரும் ஊராரும் பேணினர் எனக் கொள்வதே முறை. உற்றார் இல்லாதவன் நிலை என்ன என்பதே வினா.

திருமுக்கூடல் கல்வெட்டு இவ்வினாவை மேலும் கூர்மையாக்குகின்றது. வீரராசேந்திரன் (1063–1070) காலத்தைச் சேர்ந்த அக்கல்வெட்டு, வேதமும் இலக்கணமும் பயிலும் மாணவர்க்குப் பள்ளியும் உண்டியுறையுளும், 15 படுக்கைகள் கொண்ட வீரசோழன் என்னும் ஆதுலர் சாலையும் இருந்தமையைத் தெரிவிக்கின்றது. மருத்துவன், அறுவை செய்வோன், மருந்து கொணர்வோர், பணிமகளிர் ஆகியோர்க்கு நெல் வகுத்தமையும், மாணவர் தலைக்கு எண்ணெய் அளித்தமையும் அதன்கண் உள்ளன. பிள்ளைகளை ஓரிடத்தில் வைத்து உணவும் கல்வியும் மருந்தும் அளிக்கும் நிலையம், மேனாட்டார் வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே சேயாறு கலக்கும் இடத்தில் இருந்தது என்பது தெளிவு. ஆகவே முதற் சாரார் கூற்றும் வீழ்கின்றது. ஆயின் அப்பள்ளியின் வாயிலில் பிறப்பு காவல் நின்றது என்பதையும் மறைத்தல் நேர்மையாகாது. ஆபுத்திரன் அங்கே சென்றிருப்பின் உள்ளே புகுந்திருக்க முடியாது.

மேனாட்டார் நிறுவிய சாலைகளில் அக்காவல் நீங்கிற்று என எண்ணுவார் சற்றுப் பொறுத்தல் வேண்டும். சென்னைக் கோட்டையில் 1715ஆம் ஆண்டு தொடங்கிய அறப்பள்ளியும், 1787ஆம் ஆண்டில் பெண்மக்களுக்கும் 1789ஆம் ஆண்டில் ஆண்மக்களுக்கும் எழுந்த படையினர் அநாதைச் சாலைகளும் ஐரோப்பியர் வழிவந்த பிள்ளைகளை நோக்கியே அமைந்தன. ஆண்மக்கள் சாலையின் தலைவராயிருந்த ஆண்ட்ரூ பெல், திண்ணைப் பள்ளிச் சிறார் மணலில் விரலால் எழுதுவதையும், மூத்த மாணவன் இளையவனுக்குக் கற்பிப்பதையும் கண்டு, அம்முறையைத் தம் சாலையில் கையாண்டு, 1797ஆம் ஆண்டு இலண்டனில் நூலாக வெளியிட்டார். ‘சென்னை முறை’ என அது இங்கிலாந்தில் பரவிற்று. தமிழ்ச் சிறாரின் கல்விமுறை அச்சாலையில் இடம்பெற்றது. அவர்களுக்கோ அங்கு இடமில்லை.

பிறப்பு வினவாத அடுப்பினை 1867ஆம் ஆண்டு வடலூரில் இராமலிங்க அடிகள் மூட்டினார். ஒன்பது ஆண்டுகள் கழித்துத் தாது ஆண்டுப் பஞ்சம் வந்தது. 1876 முதல் 1878 வரை நீடித்த அக்கொடுமையில் பெற்றோரை இழந்த எண்ணற்ற பிள்ளைகளைக் கிறித்தவ சமயத் தொண்டர் ஏற்று வளர்த்தனர். அத்தொண்டினைக் குறைத்து மதித்தல் ஆகாது. இருபதாம் நூற்றாண்டில் முயற்சிகள் பெருகின. 1905ஆம் ஆண்டு இராமகிருட்டினானந்தர் ஊக்கத்தால் மயிலாப்பூரில் மாணவர் இல்லம் தோன்றியது. 1949ஆம் ஆண்டு காமராசரும் மஞ்சுபாஷிணியும் பால மந்திர் நிறுவினர். இவற்றுள் எம் ஆராய்ச்சிக்குப் பெரிதும் உரியது முத்துலட்சுமி ரெட்டியார் 1930ஆம் ஆண்டை ஒட்டி அடையாற்றில் தொடங்கிய ஔவை இல்லம். தேவரடியார் குலத்திற் பிறந்தமையால் மாணவியர் விடுதிகள் ஏற்க மறுத்த பெண்மக்களைத் தம் மனையில் ஏற்றதிலிருந்தே அஃது உருவாயிற்று. ‘யார் மகள்’ என்னும் வினாவால் அடைபட்ட கதவினை, அவ்வினாவையே கேளாதிருந்து ஒருவர் திறந்தார்.

அரசு செய்தது யாது? காஞ்சி அடங்கிய செங்கற்பட்டு மாவட்டத்தில் 1887ஆம் ஆண்டு சீர்திருத்தப் பள்ளி ஒன்று அமைக்கப்பட்டது. 1920ஆம் ஆண்டின் சென்னைக் குழந்தைகள் சட்டம், இந்தியாவில் அத்துறையில் எழுந்த முதற் சட்டமாகும். வங்காளம் 1922இலும் பம்பாய் 1924இலும் பின்தொடர்ந்தன. பெருமைக்குரிய அச்சட்டத்தில் பெருங்குறையும் உண்டு. குற்றம் புரிந்த இளைஞனையும், குற்றமொன்றும் அறியாது தெருவில் நின்ற குழந்தையையும் அது ஒரே நீதிமன்றத்தின் முன் நிறுத்தியது. ஆவினைக் கவர்ந்தவனும் அநாதையும் மீண்டும் ஒருவராயினர். 1986ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டமே இருவரையும் வெவ்வேறு அமைப்புகளின் முன் நிறுத்தியது. 2000, 2015 ஆம் ஆண்டுகளின் சட்டங்கள் அப்பிரிவினை மேலும் செம்மைப்படுத்தின.

இனிக் காஞ்சித் தறியைப் பற்றிச் சிறிது கூறல் வேண்டும். ஆதரவற்ற பிள்ளைக்குச் சோற்றினும் சிறந்தது கைத்தொழில் என்பர். காஞ்சியில் அக்கொள்கை வேறுவகையாய் முடிந்தது. உடலும் கரையும் வெவ்வேறு நிறமாக அமையும் கோர்வைச் சேலையை ஒருவர் மட்டும் நெய்தல் அரிது. மறுபுறத்துக் கரைக்கு நாடா எறிய இரண்டாவது கை ஒன்று வேண்டும். அக்கை பெரும்பாலும் சிறுவனுடையதாக இருந்தது. பெற்றோர் வாங்கிய முன்பணம் தீரும்வரை அவன் தறிக்குழியை விட்டு நீங்க இயலவில்லை. அவனுக்குப் பெற்றோர் உண்டு, இல்லமும் உண்டு, ஆயினும் அவன் நிலை தெருச்சிறுவனின் நிலையினும் நன்றன்று. 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் அத்தகைய கடனைச் செல்லாததாக்கிற்று. 1986ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டம் துணி நெசவைத் தடுத்த தொழில்களுள் சேர்த்தது. எனினும் குடும்பத்தாரின் துணையொடு நடக்கும் பணிக்கூடங்களுக்கு அது விலக்களித்தமையால், வீட்டிலேயே தறி உடைய காஞ்சியில் சட்டம் வாயிற்படியில் நின்றுவிட்டது. 2003ஆம் ஆண்டு மனித உரிமைகள் கண்காணிப்பகம் வெளியிட்ட அறிக்கையிலும் காஞ்சிப் பட்டுத்தறிச் சிறாரின் நிலை பதிவாகியுள்ளது. அவ்வட்டாரத்தில் ரைடு முதலிய தொண்டு நிறுவனங்கள் ஊராரைத் துணைக்கொண்டு சிறாரைத் தறியினின்று மீட்டு, இணைப்புப் பள்ளிகள் வழியே முறைசார் பள்ளிக்கு அனுப்பின. உற்றார் பேணுவர் என்று ஊரார் வாளா இருந்த பழைய முறையினின்றும் இது வேறானது.

தெருச்சிறாரிடையே 1995 முதல் சென்னையில் பணிபுரியும் கருணாலயாவையும் ஈண்டுக் குறித்தல் வேண்டும். அந்நிலையத்துச் சிறார் இடம்பெற்ற தென்னிந்திய அணி, 2019ஆம் ஆண்டு இலண்டன் லார்ட்ஸ் திடலில் தெருச்சிறார் உலகக் கிரிக்கெட் கோப்பையை வென்றது. கடல் கடக்கக் கடவுச்சீட்டு வேண்டும். கடவுச்சீட்டுக்குப் பெயர், பிறந்த நாள், பிறந்த இடம் வேண்டும். இளம்பூதியின் ஊரில் எழுந்த வினா அலுவலகப் படிவத்திலும் எழுகின்றது.

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், வயதுச் சான்று இன்மையைக் காரணங்காட்டிப் பள்ளியில் சேர்க்க மறுத்தல் கூடாது என்றது. 2023ஆம் ஆண்டு திருத்தப்பட்ட பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டமோ, அவ்வாண்டு அக்டோபர் முதல் நாளுக்குப் பின் பிறந்தார்க்குப் பள்ளிச் சேர்க்கை முதலாயினவற்றிற்குப் பிறப்புச் சான்றினையே சான்றாக்கியது. இரண்டும் ஒன்றையொன்று எவ்வாறு தழுவும் என்பது வழக்காற்றில்தான் தெளிவாகும். ஆயினும் அத்திருத்தம், கைவிடப்பட்ட குழந்தைக்கும், பெற்றோரற்ற குழந்தைக்கும், மணமாகாத தாய் ஈன்ற குழந்தைக்கும் பிறப்பினைப் பதிவுசெய்ய வழிவகுத்துள்ளது. சாலி தோட்டத்தில் விட்டுச்சென்ற மகவுக்கும் அப்பதிவேட்டில் இன்று ஒரு வரி உண்டு.