ஜெபம்
‘பிரேயர்’ என்றாலே இப்போது மைக் வைத்த கூட்டம்தான் நினைவுக்கு வருகிறது. ஜெபத்தின் வேர் வேறு. வடமொழியில் ‘ஜப்’ என்றால் வாய்க்குள் முணுமுணுத்தல். மந்திரத்தை உருப்போடும் ஜபம், கிறிஸ்தவர் வாயில், சொந்தச் சொற்களில் கடவுளோடு பேசுவதாக மாறியது. கத்தோலிக்கர் எழுதும் செபத்தில், எண்ணி எண்ணிச் சொல்லும் பழைய பொருள் செபமாலையில் இன்னும் ஒட்டியிருக்கிறது. தமிழில் ‘மன்றாட்டு’ உண்டு, அழகான சொல். ஆனால் மன்று என்பது அவை. பலர்முன் நின்று முறையிடும் சாயல் அதற்கு. ‘வேண்டுதல்’ என்றால் மொட்டையும் காவடியும் கூடவே வந்துவிடும். ‘தனி ஜெபம்’ என்று அடைமொழி சேர்ப்பதுகூட எனக்கு உறுத்துகிறது; ஜெபம் என்றாலே தனியே செய்வதுதானே. திண்டிவனத்தில், 1890களில் ஓர் இரவு, பிரசவத்தில் தவித்த மனைவியை ஆண் மருத்துவர் தொடக்கூடாதென்று மூன்று பேர் அடுத்தடுத்து வந்து ஐடா ஸ்கடர் என்ற இளம்பெண்ணை அழைத்தார்கள். அவர் அப்போது மருத்துவம் படித்தவரல்ல. விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். அன்றிரவு தூக்கமின்றி அவர் தனியே செய்ததற்கு ஜெபம் என்ற சொல்தான் பொருந்தும். அமெரிக்கா போய் மருத்துவம் படித்துத் திரும்பி, 1900இல் வேலூரில் மருத்துவப் பணியைத் தொடங்கினார்.