ஒரு நகலுக்கு எவ்வளவு நெருப்பு?

1959இல் ஜெராக்ஸ் 914 என்ற நகலெடுக்கும் இயந்திரம் அமெரிக்காவில் சந்தைக்கு வந்தபோது அதனுடன் ஒரு சின்னத் தீயணைப்பானும் சேர்ந்தே வந்தது. சூடு அதிகமானால் உள்ளே போன தாள் கருகிவிடும், சில நேரம் பற்றிக்கொள்ளும். 'தீயணைப்பான்' என்று நேரடியாகச் சொன்னால் வாங்குபவர்கள் பயந்துவிடுவார்கள் என்று அதற்கு 'கருகல் நீக்கி' என்ற பொருளில் ஒரு பெயரை வைத்தார்கள். நகலெடுக்கும் வரலாற்றில் நெருப்பு கண்ணுக்குத் தெரிந்த அபூர்வமான கட்டம் அது. அதன்பின் அந்த நெருப்பை நம் பார்வையிலிருந்து தள்ளித் தள்ளிக் கொண்டுபோய் எங்கேயோ வைத்துவிட்டோம்.

அந்த எங்கேயோ என்கிற இடத்தில்தான் நான் வளர்ந்தேன். நெய்வேலி டவுன்ஷிப். எங்களுக்கு மின்சாரம் என்பது சுவரில் இருக்கும் பிளக்கிலிருந்து வரும் சமாச்சாரம் கிடையாது. வாளிகள் பொருத்திய ராட்சதச் சக்கரம் மண்ணைச் சுரண்டுவதையும், கன்வேயர் பெல்ட்டில் பழுப்பு நிலக்கரி போவதையும் பள்ளிக்கூடப் பருவத்திலேயே பார்த்துவிடுவோம். ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறக்குறைய ஒரு கிலோ பழுப்பு நிலக்கரி எரிய வேண்டும். அந்த நிலக்கரியில் பாதிக்குப் பாதி ஈரம். ஒரு டன் எடுப்பதற்கு மேலே கிடக்கும் மண்ணை 5 கன மீட்டருக்கு மேல் அள்ளி அப்பால் கொட்ட வேண்டும். அடியில் அழுத்தத்தோடு நிற்கும் நிலத்தடி நீரை இரவும் பகலும் இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

பிற்பாடு பொறியியல் படித்து, மென்பொருள் வேலைக்குப் போய், அலுவலகக் காகிதங்களை ஸ்கேன் செய்து சேமிக்கும் மென்பொருள்களோடு சில வருடம் குப்பை கொட்டினேன். இந்த மாதிரி மென்பொருள்களின் முகப்பில் அடிக்கடி ஒரு பச்சை நிற எண் இருக்கும். 'இந்த மாதம் நீங்கள் காப்பாற்றிய மரங்கள்.' அச்சடிக்காமல் விட்ட தாள்களை மரமாக மாற்றிச் சொல்கிற கணக்கு. அந்தக் கணக்கில் நிலக்கரி வராது. நெய்வேலிக்காரனுக்கு அது உறுத்தாமல் இருக்குமா?

அதனால் இந்தக் கணக்கைக் கொஞ்சம் பின்னாலிருந்து போட்டுப் பார்க்கலாம்.

*

1930களில் ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் கிணறு தோண்டும்போது கறுப்பாக ஏதோ வந்தது என்பதிலிருந்துதான் நெய்வேலியின் கதையைத் தொடங்குவார்கள். 1956 நவம்பர் 14 அன்று நிறுவனம் பதிவாகிறது. 1957 மே 20 அன்று நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைக்கிறார். சோவியத் உதவியோடு கட்டிய முதல் அனல்மின் நிலையம் 1962இல் மின்சாரம் தரத் தொடங்குகிறது. சுரங்கத்துக்குப் பெரிய எந்திரங்கள் ஜெர்மனியிலிருந்து வருகின்றன.

இத்தனைக்கும் காகிதம் வேண்டும். ஒவ்வொரு எந்திரத்துக்கும் வரைபடம், ஒவ்வொரு வரைபடத்துக்கும் பல நகல்கள். அந்தக் கால இந்தியப் பொறியியல் அலுவலகங்களில் இதற்கு இரண்டு வழிகள் இருந்தன. வரைபடத்துக்கு அம்மோனியா பிரிண்ட். டிரேசிங் தாளில் மையால் வரைந்த படத்தை ரசாயனம் பூசிய தாள்மேல் வைத்து ஒளி காட்டி, அம்மோனியா ஆவியில் உருத்துலங்கச் செய்வார்கள். மூக்கைத் துளைக்கும் வாடை. சுற்றறிக்கைக்கு சைக்ளோஸ்டைல். மெழுகு பூசிய ஸ்டென்சில் தாளில் ரிப்பன் இல்லாமல் தட்டச்சு செய்து, மை உருளையில் மாட்டிக் கையால் சுற்றுவார்கள். தொழிற்சங்க நோட்டீசும் சைக்ளோஸ்டைல்தான். தமிழ்ச் சிறுபத்திரிகைகளில் சிலவும் அப்படி வந்தவைதான்.

சைக்ளோஸ்டைல் இயந்திரத்தின் எரிபொருள், சுற்றுகிறவர் காலையில் சாப்பிட்ட இட்லி. இதைச் சொல்வது பழசைப் போற்றுவதற்காக இல்லை. ஸ்டென்சில் வெட்டுவது மெனக்கெட்ட வேலை என்பதால் எத்தனை நகல், யார் யாருக்கு என்று முன்னாலேயே முடிவு செய்தாக வேண்டும். நகல் எடுக்க உழைப்பு தேவைப்பட்டது. அந்த உழைப்பே ஒரு வடிகட்டியாகவும் இருந்தது.

அதை உடைத்தவர் செஸ்டர் கார்ல்சன். ஒரு நிறுவனத்தின் காப்புரிமைப் பிரிவில் வேலை பார்த்தவர். ஆவணங்களைத் திரும்பத் திரும்பப் படியெடுத்து அலுத்துப்போனவர். 1938 அக்டோபர் 22 அன்று நியூயார்க்கின் அஸ்டோரியா பகுதியில் ஒரு வாடகை அறையில், நிலைமின்னூட்டத்தையும் பொடியையும் வைத்து அன்றைய தேதியையும் அந்த இடத்தின் பெயரையும் நகலெடுத்தார். ஈரமான மை இல்லை, ரசாயனத் தொட்டி இல்லை. ஜெராக்ஸ் என்ற பெயருக்குப் பின்னால் இருக்கும் கிரேக்கச் சொல்லின் பொருளே 'உலர்' என்பதுதான்.

ஆனால் உலர்ந்த பொடி தாளில் ஒட்ட வேண்டுமே. அதற்குத்தான் சூடு. இன்றைய லேசர் பிரிண்டரிலும் அதே கதைதான். டோனர் என்பது பிளாஸ்டிக் கலந்த பொடி. பியூசர் என்கிற உருளை 200 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டில் அதை உருக்கித் தாளில் அழுத்துகிறது. பிரிண்டரிலிருந்து வரும் தாள் வெதுவெதுப்பாக இருப்பதன் காரணம் இதுதான். அந்த வெதுவெதுப்பு எங்கள் ஊரிலிருந்து போனது.

ஒரு கணக்கு. ஒரு பக்கத்தை அச்சிட ஒரு வாட்-மணி மின்சாரம் என்று வைத்துக்கொண்டால், அது ஒரு கிராம் பழுப்பு நிலக்கரி. பெரிய விஷயம் இல்லை. ஆனால் 'ரெடி' நிலையில் சூடாகவே காத்திருக்கும் பழைய இயந்திரம் 100 வாட் இழுக்கிறது என்றால், ஆபீஸ் மூடியிருக்கும் 14 மணி நேரத்தில் 1.4 யூனிட். ஒரு பக்கம்கூட அச்சிடாமல் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ நிலக்கரி போய்விடும். 1992இல் அமெரிக்க அரசு 'எனர்ஜி ஸ்டார்' முத்திரையைக் கணினிகளில் தொடங்கி, அடுத்து பிரிண்டர்களுக்குக் கொண்டுபோனதன் சாரம் இதுதான். சும்மா இருக்கும்போது தூங்கு.

*

சரி, தாள்? ஒரு ஏ4 தாள் 5 கிராம். 500 தாள் கொண்ட ஒரு கட்டு இரண்டரைக் கிலோ. அச்சிடுவதைவிட அந்தத் தாளைத் தயாரிப்பதற்குப் பல மடங்கு ஆற்றல் செலவாகிறது. அதனால்தான் இரண்டு பக்கமும் அச்சிடுவது அற்பமான யோசனை இல்லை.

தமிழ்நாட்டில் இந்தத் தாளுக்கு ஒரு தனிக் கதை உண்டு. மரத்துக்குப் பதிலாகக் கரும்புச் சக்கையிலிருந்து காகிதம் செய்வதற்காக 1979இல் தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் தொடங்கப்பட்டது. கரூர் பக்கம் புகளூரில் ஆலை. 1984இல் உற்பத்தி ஆரம்பம். ஆலையைச் சுற்றி வளர்ந்த ஊருக்குக் காகிதபுரம் என்றே பெயர். மரம் வெட்டாத காகிதம் என்றால் பச்சைக் கணக்கில் முழு மதிப்பெண்தானே?

இங்கேதான் ஒரு முடிச்சு. சர்க்கரை ஆலைகள் கரும்புச் சக்கையைக் குப்பையில் போடவில்லை. தங்கள் கொதிகலனில் போட்டு எரித்து, அந்த நீராவியில்தான் ஆலையை ஓட்டின. சக்கையைக் காகித ஆலைக்குக் கொடுத்துவிட்டால் அடுப்புக்கு எதைப் போடுவது? அதனால் காகித நிறுவனம் சக்கைக்கு ஈடாக நிலக்கரி மாதிரியான வேறு எரிபொருளுக்கு ஏற்பாடு செய்தது. ஒருவிதப் பண்டமாற்று. மரம் பிழைத்தது, நெருப்பு இடம் மாறியது. இதை மோசடி என்று சொல்ல மாட்டேன். காட்டை விட்டுவைத்த நல்ல பொறியியல் அது. எனக்கு இதில் பிடித்தது, எது எதற்கு ஈடு என்பது ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கும் என்பதுதான். இன்றைய 'காகிதமில்லா அலுவலகம்' அந்த ஈட்டை எங்கேயும் எழுதுவதில்லை.

*

இப்போது ஸ்கேனருக்கு வருவோம். இதில் பணயமாக இருப்பது மரம் மட்டுமல்ல.

நெய்வேலி மாதிரி ஊரில் காகிதம் என்றால் நிலம். சுரங்கத்துக்காக ஊர் ஊராக நிலம் எடுக்கப்பட்டது. 1894ஆம் ஆண்டின் நிலம் எடுப்புச் சட்டப்படி, இழப்பீடு போதாது என்றால் 18ஆம் பிரிவின்கீழ் எழுத்துமூலம் விண்ணப்பித்து நீதிமன்றத்துக்குப் போக முடிந்தது. 1984இல் 28-அ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். அதே அறிவிப்பில் நிலம் எடுக்கப்பட்ட பக்கத்து நிலத்துக்காரருக்கு நீதிமன்றம் கூடுதல் தொகை கொடுத்தால், வழக்குக்கே போகாதவரும் மூன்று மாதத்துக்குள் அதே தொகையைக் கேட்க முடிந்தது. கேட்பதற்குக் கையில் என்ன வேண்டும்? அறிவிப்பின் நகல், தீர்வாணையின் நகல், சர்வே எண், பரப்பு. எத்தனையோ வீடுகளில் டிரங்குப் பெட்டியின் அடியில், பிளாஸ்டிக் உறையில் இவை இருக்கும். 2023 ஜூலையில் வளையமாதேவியில் விளைந்துகொண்டிருந்த நெல் வயலில் மண்வாரி எந்திரங்கள் இறங்கியபோதும், வாதம் சுற்றிச்சுற்றி இதற்கே வந்தது. நிலம் எப்போது எடுக்கப்பட்டது, எவ்வளவு கொடுக்கப்பட்டது.

இப்படிப்பட்ட காகிதத்தை ஸ்கேன் செய்யும்போது என்ன நடக்கலாம் என்பதற்கு ஜெர்மனியில் ஒரு உதாரணம் இருக்கிறது. 2013இல் டேவிட் கிரீசல் என்ற கணினியியலாளர் ஒரு கட்டட வரைபடத்தின் நகலைப் பார்த்து வியந்தார். அசலில் மூன்று அறைகளின் பரப்பு 14.13, 21.11, 17.42 சதுர மீட்டர். நகலில் மூன்றுமே 14.13. தாள் மங்கவில்லை, எழுத்து அழியவில்லை. சுத்தமான, தெளிவான, தவறான எண். கோப்பின் அளவைக் குறைக்க அந்த ஜெராக்ஸ் இயந்திரம் பயன்படுத்திய ஜேபிக்2 என்ற சுருக்கமுறைதான் காரணம். ஒரே மாதிரி தெரியும் எழுத்துருவங்களை ஒரே உருவமாக எடுத்துக்கொண்டு, ஒன்றின் இடத்தில் இன்னொன்றை ஒட்டிவிடும். சின்ன எழுத்தில் 6, 8 ஆகிவிடும். முதலில் அமைப்புகளில் தரத்தைக் கூட்டி வைக்கும்படி சொன்ன நிறுவனம், பிறகு மென்பொருள் திருத்தம் வெளியிட்டது.

இதை ஒரு நிலப் பத்திரத்தில் வைத்து யோசித்துப் பாருங்கள். 0.18 ஹெக்டேர் 0.16 ஆகிறது. இடம் மிச்சமாகிறது என்று அசலைக் கிழித்துப் போட்டிருக்கிறார்கள். இனி எதை வைத்துக் கேட்பது?

ஏன் சுருக்குகிறார்கள் என்பதும் நியாயமான கேள்விதான். ஒரு ஏ4 தாளை 300 டிபிஐயில் வண்ணத்தில் ஸ்கேன் செய்தால் 2480 × 3508 புள்ளிகள், சுருக்காத நிலையில் சுமார் 26 எம்பி. வெறும் கறுப்பு வெள்ளையில் எடுத்தால் ஒரு எம்பியை ஒட்டி வரும். சேமிப்பகம் ஆண்டு முழுக்க மின்சாரம் தின்னும். ஆகவே சிக்கனம் தேவைதான். ஆனால் அந்தச் சிக்கனத்தைத் தகவல் இழக்காத முறையில் செய்ய வழிகள் இருக்கின்றன. தேவையில்லாத வண்ணத்தை விடலாம். இழப்பில்லாத சுருக்கமுறையைத் தேர்ந்தெடுக்கலாம். நீண்டகாலப் பாதுகாப்புக்கென்றே 2005இல் தரப்படுத்தப்பட்ட பிடிஎஃப்/ஏ வடிவத்தில் வைக்கலாம்.

தமிழில் இதற்கு நல்ல முன்மாதிரிகள் உண்டு. கோட்டையூர் ரோஜா முத்தையா சேகரித்த நூல்கள், 1992இல் அவர் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகத்தின் முயற்சியால் சென்னையிலேயே நூலகமாயின. அங்கே முதலில் மைக்ரோஃபிலிம் எடுத்தார்கள். சரியாகப் பராமரித்தால் பல நூறு ஆண்டு நிற்கும் என்று சொல்லப்படும் படச்சுருள். படிக்க ஒரு விளக்கும் லென்ஸும் போதும். 1998 பொங்கலன்று கு. கல்யாணசுந்தரம் தொடங்கிய மதுரைத் திட்டம் வேறு வழியில் போனது. பல நாடுகளிலிருந்த தன்னார்வலர்கள் நூல்களை எழுத்தெழுத்தாகத் தட்டச்சு செய்தார்கள், பிழை பார்த்தார்கள். ஒரு நூல் முழுவதும் ஓர் ஒளிப்படத்தைவிடச் சின்னக் கோப்பில் அடங்கிவிட்டது. (நெய்வேலிப் புத்தகக் கண்காட்சி தொடங்கியதும் அதே 1998தான்.) இந்த இரண்டிலும் பொதுவானது ஒன்று. ஒருமுறை கவனமாகச் செய்தார்கள். மறுபடி செய்யத் தேவையில்லாதபடி செய்தார்கள்.

*

அலுவலகங்களில் நடப்பது இதற்கு நேரெதிர். மின்னஞ்சலில் வந்ததை அச்சிடுகிறோம், கையெழுத்துப் போடுகிறோம், ஸ்கேன் செய்து அனுப்புகிறோம். அந்தப் பக்கம் அதை அச்சிட்டு ஃபைலில் வைக்கிறார்கள். ஆறு மாதம் கழித்து, "சார், ஒரு ஜெராக்ஸ் குடுங்க, ஃபைல்ல காணோம்." பட்டாவை இணையத்தில் பார்க்கலாம், வில்லங்கச் சான்றும் எடுக்கலாம். ஆனால் அதையே அச்செடுத்து, இரண்டு பிரதி, சுயசான்றொப்பத்தோடு கொண்டுவரச் சொல்வார்கள். திரையில் இருப்பதை எதிரில் இருப்பவர் நம்பாதவரை, ஸ்கேனர் காகிதத்தைக் குறைக்காது. ஒரு நகலின் இடத்தில் இரண்டு வரும். பின்னணியில் சர்வரும் ஓடும்.

நம்பிக்கைக்குத் தொழில்நுட்பம் கைவசம் இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய சட்டத்தின் 63ஆம் பிரிவு, மின்னணு ஆவணத்தோடு தரும் சான்றிதழில் அதன் ஹாஷ் மதிப்பையும் கேட்கிறது. கோப்பில் ஒரு எழுத்து மாறினாலும் மாறிவிடுகிற விரல்ரேகை அது. ஸ்கேன் செய்த நாளில் அசலோடு ஒப்பிட்டு, அந்த ரேகையைப் பதிந்து, ஆவணத்துக்கு உரியவர் கையிலும் ஒன்றைக் கொடுத்துவிட்டால், பிறகு யாரும் யாரிடமும் திரும்ப நகல் கேட்க வேண்டியதில்லை. ஒரே ஒரு நிபந்தனை: உரிமையைத் தாங்கும் அசல்களைக் கிழிக்கக் கூடாது. ஒரு அறை நிறைய அசல் காகிதம் சும்மா இருப்பதற்கு நிலக்கரி தேவையில்லை.

பச்சை எண்ணை முகப்பிலிருந்து எடுக்கச் சொல்லவில்லை. பக்கத்தில் இன்னொன்றும் இருக்கட்டும்: 'ஏற்கெனவே நம்மிடம் உள்ள ஆவணத்தை இந்த மாதம் எத்தனை பேரிடம் மறுபடி கேட்டோம்?' அந்த எண் குறைந்தால் தாளும் குறையும், மின்சாரமும் குறையும். விருத்தாசலத்துக்கும் கடலூருக்கும் ஜெராக்ஸ் கட்டைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறுகிறவர்களின் ஒரு நாள் கூலியும் மிஞ்சும்.