தூண்டில்காரர்கள் காத்த ஓடைகள்: நீலகிரி ட்ரவுட் மீன் வரலாற்றில் ஒரு பற்று வரவு

பொழுது சாயுமுன் உண்டு, குடிக்கிற தண்ணீரைக்கூடத் துணியில் வடிகட்டிக் குடித்துப் பழகிய சமணக் குடும்பத்தில் பிறந்தவன் நான். அப்படிப்பட்டவன் மீன்பிடிக்கும் சங்கத்தின் வரலாற்றை எழுதலாமா? தில்லியில் என் கடைக்கு வாடிக்கையாக வரும் நண்பர் இதைத்தான் கேட்டார்: "என்ன நயினார், உங்களுக்கும் மீனுக்கும் என்ன சம்பந்தம்?"

"மீனோடு சம்பந்தமில்லைங்க. அது வாழுற தண்ணியோடு உண்டு" என்றேன். அந்தப் பதிலின் விரிவே இக்கட்டுரை.

சங்கமும் சட்டமும்

1877-ஆம் ஆண்டு நீலகிரியில் வேட்டைக்காரர்கள் கூடி ஒரு சங்கம் அமைத்தார்கள். நீலகிரி வேட்டைச் சங்கம் என்பது அதன் பெயர். உயிர்களிடம் இரக்கம் கொண்டு தொடங்கியது அல்ல அது. கடமானும் வரையாடும் கண்மூடித்தனமாகச் சுடப்பட்டு அருகி வந்தன. இப்படியே போனால் நாளைக்குச் சுட ஒன்றும் மிஞ்சாது என்ற கவலையில் பிறந்தது. முதலையே தின்றுவிட்டால் லாபம் ஏது? இது வியாபாரிக்குப் புரியாத விஷயமா!

இரண்டே ஆண்டில், 1879-இல், சென்னை அரசாங்கம் நீலகிரி மாவட்டத்துக்கென்று தனியாக ஒரு சட்டம் இயற்றியது. வேட்டை விலங்குகளோடு, வெளியூரிலிருந்து கொண்டுவந்து பழக்கிய மீன்களையும் காப்பது அதன் நோக்கம். அப்போது ட்ரவுட் மீன் நீலகிரியில் நிலைபெறவே இல்லை என்பது குறிப்பிடத்தக்கது. தொட்டில் வாங்கியாகிவிட்டது, பிள்ளை பிறக்கவில்லை என்ற கதைதான்.

முட்டை வந்த வழி

ட்ரவுட் குளிர்நாட்டு மீன். மீனியல் அறிஞர் பிரான்சிஸ் டே 1863-இலேயே அதன் முட்டைகளை இங்கிலாந்திலிருந்து நீலகிரிக்குக் கொண்டுவர முயன்று தோற்றார். சூயஸ் கால்வாய் திறந்ததே 1869-இல்தான். அதற்கு முந்தைய நெடும் பயணத்தையும் வெப்பத்தையும் அந்த முட்டைகள் எப்படித் தாங்கும்?

பின்னும் பலர் முயன்றார்கள். 1907-இல் ஹெச். சி. வில்சன் அவலாஞ்சியில் ஒரு குஞ்சு பொரிப்பகம் ஏற்படுத்தினார். 1909-10-இல் இலங்கை, நியூசிலாந்து, ஜெர்மனி ஆகிய நாடுகளிலிருந்து வானவில் ட்ரவுட் முட்டைகள் தருவிக்கப்பட்டன. அவை பொரிந்து, வளர்ந்து, ஓடைகளில் நிலைத்தன. பிழைப்புக்காகத் தில்லி வந்து ஊன்றிக்கொண்ட நம்மைப்போல அதுவும் ஒரு புலம்பெயர்ந்த சீவன் எனலாம்.

வரவுப் பக்கம்

இந்த மீனுக்குப் பிடிவாதம் அதிகம். நீர் குளிர்ந்திருக்க வேண்டும். சூடு 20 டிகிரியைத் தாண்டினால் தவிக்கும். நீரில் பிராணவாயு நிறைய வேண்டும். முட்டையிடக் கூழாங்கல் படுகை வேண்டும். கரையிலுள்ள மண் சரிந்து கல்லிடுக்கை மூடிவிட்டால் முட்டை மூச்சுமுட்டிச் சாகும். ஆக, ட்ரவுட் வேண்டும் என்பவன் ஓடையையும் காத்தே தீரணும், வேறு வழியில்லை. உரிமச்சீட்டு இல்லாமல் தூண்டில் போடக்கூடாது, இனப்பெருக்கக் காலத்தில் பிடிக்கக்கூடாது, பொடிமீனைத் திரும்ப விட்டுவிட வேண்டும் என்றெல்லாம் விதிகள் வந்தன. தண்ணீரில் நஞ்சு கலந்தும் வெடி வைத்தும் மீன் கொல்வதை 1897-ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டம் நாடு முழுமைக்கும் குற்றமாக்கியது.

பற்றுப் பக்கம்

வரவை மட்டும் எழுதினால் அது கள்ளக் கணக்கு. உரிமச்சீட்டு யாருக்குக் கிடைத்தது? துரைமாருக்கும் தோட்ட முதலாளிகளுக்கும். தலைமுறை தலைமுறையாக அந்த மலையில் வாழ்ந்தவர்கள் தங்கள் ஓடையிலேயே அந்நியரானார்கள். இத்தனைக்கும் அங்குள்ள தோடர்கள் எருமைப் பாலை நம்பி வாழ்ந்த, மரபால் புலால் உண்ணாத மக்கள்! ஓடையைக் காக்க அவர்களுக்குச் சீட்டு தேவைப்பட்டதில்லை.

இன்னொன்று. ட்ரவுட் பிற உயிர்களைத் தின்னும் மீன். உலகின் மிகக் கேடான 100 அயல் உயிரினங்கள் என்று அறிஞர்கள் வகுத்த பட்டியலில் வானவில் ட்ரவுட்டும் இடம்பெற்றுள்ளது. சங்கத்தார் ஒரு மீனைப் பார்த்தார்கள்; ஓடையின் மற்ற சீவன்களை எண்ணிப் பார்க்கவில்லை.

துப்பாக்கி இறங்கிய பின்

1972-இல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் வேட்டைக்கு இடமில்லாமல் போயிற்று. சங்கம் கலைந்துவிடவில்லை, வழி மாறியது. அதற்கு முன்பே, 1963-இல், அதன் உறுப்பினரான வழக்கறிஞர் இ. ஆர். சி. தாவிதார் நீலகிரி வரையாடுகளைக் கணக்கெடுத்தார். 1975-இல் மறுபடியும் எடுத்தார். சுடுவதற்காக அல்ல, காப்பதற்காக. வரையாடு வாழும் முக்கூர்த்தி 1982-இல் சரணாலயமாகவும் 1990-இல் தேசியப் பூங்காவாகவும் ஆனது. சங்கத்தின் பெயரும் நீலகிரி வனவிலங்கு மற்றும் சுற்றுச்சூழல் சங்கம் என்று மாறியது.

ஆனால் ஓடைக்கு ஆபத்து தூண்டிலால் மட்டும் வருவதில்லை. சோலைகளுக்கு இடையே இருந்த புல்வெளிகளில் தைல மரமும், தோல் பதனிடப் பட்டை தரும் சீகை மரமும் பெருமளவில் நடப்பட்டன. சும்மா கிடக்கிற நிலம் என்று நினைத்துவிட்டார்கள். மழைநீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு கோடையில் சிறிது சிறிதாக விடுவதே அந்தப் புல்வெளிதான். உதகையிலுள்ள மத்திய மண் வள ஆய்வு மையம் கிளன்மார்கன் பகுதியில் இரு சிறு நீர்ப்பிடிப்புகளை ஒப்பிட்டுப் பார்த்தது. தைல மரம் நட்ட பக்கத்தில் முதல் சுழற்சியிலேயே நீர்வரத்து சுமார் 16 சதவீதம் குறைந்திருந்தது. மீனைக் காக்கச் சட்டம் போட்ட அதே மலையில்தான் தண்ணீரைக் குடிக்கும் மரத்தையும் நட்டோம்.

நமக்கு என்ன?

மேல்பவானிப் பகுதி ஓடைகள் பவானியாகின்றன. பைக்காரா நீர் மாயாறாகிப் பவானியில் சேர்கிறது. பவானி கூடுதுறையில் காவிரியோடு கலந்து தஞ்சை வரை போகிறது. மலையுச்சியில் ஒரு புல்வெளி போனால் அதன் பற்று கீழேயுள்ள உழவன் கணக்கில்தான் எழுதப்படும்.

சமணம் தண்ணீரையே உயிருள்ளதாகக் கருதுகிறது. அந்த வழியில் வந்த நான் தூண்டிலைப் புகழ மாட்டேன். ஆனாலும் ஒன்றை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆண்டுதோறும் அதே ஓடைக்கரையில் போய் நின்றவன், தண்ணீர் கலங்கினால் முதலில் கண்டுகொண்டான். நாமோ குடிநீரை வடிகட்டுகிறோம், ஆற்றின் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. தில்லியில் யமுனைப் பாலத்தைத் தினம் கடக்கிறோம்; நுரையும் நாற்றமும் தெரிந்தால் கார்க் கண்ணாடியை ஏற்றிவிடுகிறோம். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

நம் சங்கத்து இளைஞர்கள் தூண்டில் எடுக்க வேண்டாம். மாதம் ஒருமுறை அந்தக் கரையில் போய் நின்று, தண்ணீர் எப்படி இருக்கிறது என்று ஒரு நோட்டில் குறித்து வைத்தால் போதும். எந்தக் கணக்கும் முதல் பதிவில்தான் தொடங்குகிறது.