அடையாகுமா? – காராமணி போன வழியும் வந்த வழியும்

மாசி மாதம் முடியப் பத்து நாள் இருக்கும்போதே எங்கள் தானியக் கடைக்குத் தமிழ்ப் பெண்மணிகள் வரத் தொடங்கிவிடுவார்கள். காரடையான் நோன்புக்குக் காராமணி வேண்டும். தில்லியில் அந்தப் பெயரைச் சொன்னால் யாருக்குத் தெரியும்? மூட்டையில் 'லோபியா' என்றுதான் எழுதியிருக்கும். பல ஆண்டுகளுக்கு முன் ஓர் அம்மாள் அந்த மூட்டையில் கைவிட்டு ஒரு பிடி அள்ளிப் பார்த்தார். "நயினார், எங்க ஊர்க் காராமணி செவப்பா, சின்னதா இருக்கும். இது வெள்ளையா, கறுப்புக் கண்ணு வச்சுண்டு இருக்கே. இதுல அடை பண்ணினா அடையாகுமா?" என்று கேட்டார்.

நானோ கடைக்காரன், அதோடு நாலு புத்தகம் படித்தவன் என்ற மிதப்பும் உண்டு. "அது வேற, இது வேற மாமி. ஊர்லேர்ந்து யாராவது வந்தா கொண்டுவரச் சொல்லுங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். நோன்பு கழிந்து வேறு சாமான் வாங்க வந்தபோது, "கல்யாணமாகி இத்தனை வருஷத்துல இந்த வருஷந்தான் அடையில பயறு இல்லாமப் போச்சு" என்றார். குறையாகச் சொல்லவில்லை, செய்தியாகத்தான் சொன்னார். என் பதில் தவறு என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. சிவப்புக் காராமணியும் வெள்ளை லோபியாவும் ஒரே இனம். அந்த அம்மாளுக்கு நான் வைத்திருக்கும் பாக்கி என்று இக்கட்டுரையை வாசக அன்பர்கள் கொள்ளலாம்.

பல பெயர், ஒரே பயறு

தமிழ்நாட்டில் காராமணி என்பாரும் உண்டு, தட்டைப்பயறு என்பாரும் உண்டு. மலையாளத்தில் வன்பயர், கன்னடத்தில் அலசந்தெ, தெலுங்கில் அலசந்தலு அல்லது பொப்பர்லு, மராட்டியில் சவளி, பஞ்சாபியில் ரோங்கி, இந்தியில் லோபியா. தாவர நூலார் இவை எல்லாவற்றையும் 'விக்னா அங்குயிகுலாட்டா' என்ற ஒரே பெயரில் அடக்குகின்றனர். சிவப்பு, வெள்ளை, பழுப்பு, கறுப்பு, புள்ளி போட்டது, கண் வைத்தது என்று நிறம் எத்தனை இருந்தாலும் இனம் ஒன்றே. நாம் பொரியல் செய்யும் நீண்ட பயற்றங்காயும் இதே இனத்தின் ஒரு கிளைதான். அது ஆசியாவில் வந்த பிறகு உருவானது.

இந்தப் பயறு நம் மண்ணில் தோன்றியதன்று. இதன் காட்டு முன்னோர் இருப்பது ஆப்பிரிக்காவில். மேற்கு ஆப்பிரிக்காவின் கானா நாட்டில், கின்டாம்போ என்னும் பழம் பண்பாட்டு மக்கள் வாழ்ந்த இடங்களில், ஏறத்தாழ 3,500 ஆண்டுகளுக்கு முந்தைய கரிந்த பயறுமணிகள் அகழ்வில் கிடைத்துள்ளன. அதே கி.மு. இரண்டாம் ஆயிரத்தாண்டிலேயே இந்தியாவுக்கும் இது வந்துவிட்டது. கம்பும் சோளமும் கேழ்வரகும் ஆப்பிரிக்காவிலிருந்து வந்த அந்த நெடும்பயணத்தில் இதுவும் ஒரு பயணி. ஆகவே நோன்பு அடையில் இருக்கும் பயறே ஒரு காலத்தில் குடியேறி வந்ததுதான்.

பிறந்த வீட்டுப் பெண்கள் இந்தப் பயறைக்கொண்டு என்ன செய்தார்கள், ஊர் விட்டு ஊர் போக நேர்ந்தபோது எதை விட்டார்கள், எதை விடவில்லை என்று பார்த்தால், அம்மாள் கேட்ட கேள்விக்கு விடை கிடைக்கும்.

யொரூபா நாட்டு வடை

இன்றும் உலகில் காராமணி மிகுதியாக விளையும் நாடு நைஜீரியா. அதன் தென்மேற்கில் வாழும் யொரூபா மக்களின் காலை உணவுகளில் ஒன்று 'அக்கரா'. (நம் அக்காரவடிசலில் வரும் அக்காரம் வேறு, அது சர்க்கரை.) செய்முறையைக் கேட்டால் நம் வீட்டுப் பெண்கள் சிரிப்பார்கள், அவ்வளவு பழக்கமானது. பயறை ஊறவைத்து, கையால் கசக்கித் தோலை நீக்கி, தண்ணீரில் அலசித் தோல் மிதக்க மிதக்க வடித்துவிட வேண்டும். பிறகு தண்ணீர் அதிகம் விடாமல் அரைத்து, வெங்காயமும் மிளகாயும் சேர்த்து, கரண்டியால் எடுத்துக் காய்ந்த எண்ணெயில் போட்டால் அக்கரா. அரைத்த மாவையே இலையில் மடித்து ஆவியில் வேகவைத்தால் அதற்குப் பெயர் மொயின் மொயின். எண்ணெயில் போட்டால் வடை, ஆவியில் வைத்தால் கொழுக்கட்டை என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. உளுந்துக்கு இயல்பாக இருக்கும் பசை காராமணிக்குக் கிடையாது. அதனால் அரைத்த மாவை மரக்கரண்டியால் நெடுநேரம் அடித்து அடித்துக் காற்றை ஏற்ற வேண்டும். அப்போதுதான் வடை உப்பும். உப்பும் வெங்காயமும் பொரிப்பதற்குச் சற்று முன்புதான் சேர்ப்பார்கள். முன்னாலேயே போட்டால் மாவு நீர்த்துப்போகும். இந்த அடிக்கும் கைதான் அக்கராவின் உயிர்.

ஒன்று கவனிக்க வேண்டும். மிளகாய் அமெரிக்கக் கண்டத்துப் பயிர். 1492-க்குப் பிறகு ஐரோப்பியக் கப்பல்கள் வழியாகத்தான் ஆப்பிரிக்காவுக்கும் நமக்கும் வந்தது. ஆக, 'பாட்டி காலத்து அக்கரா' என்று இன்று சொல்வதிலும் ஒரு புதுச் சரக்கு இருக்கிறது. அந்த மாற்றத்தைச் செய்த பாட்டி யாரென்று யாருக்கும் தெரியாது.

சங்கிலியோடு போன சமையல்

இனி வரும் பகுதி துயரமானது. பிரேசிலுக்கு அடிமைகளாகக் கொண்டுபோய் இறக்கப்பட்ட ஆப்பிரிக்கர் ஏறத்தாழ 48 லட்சம் பேர். 1549-இல் நிறுவப்பட்டு 1763 வரை பிரேசிலின் தலைநகராக இருந்த சால்வடோர், பஹியா மாநிலத்துத் துறைமுகம். அடிமை வாணிகத்தின் பெரிய சந்தைகளில் ஒன்று. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலும், யொரூபாக்களின் ஓயோ அரசு சிதைந்த காலத்தில், அம்மக்கள் பெருந்திரளாகப் பிடிக்கப்பட்டு இங்கே வந்து சேர்ந்தனர்.

அவர்கள் கையில் ஒரு பாத்திரம்கூட இல்லை. அம்மி இல்லை, ஊர் இல்லை, பெயரைக்கூட மாற்றிவிட்டார்கள். மிஞ்சியது செய்முறை மட்டுந்தான்.

சால்வடோரில் ஒரு வழக்கம் இருந்தது. அடிமைப் பெண்களைத் தெருவில் பண்டம் விற்க அனுப்புவார்கள். நாள்தோறும் இன்ன தொகை என்று எசமானுக்குக் கட்டிவிட வேண்டும். மேலே கிடைப்பது அவளுக்கு. அப்படிச் சிறுகச் சிறுகச் சேர்த்து, தன் விலையைத் தானே கொடுத்துத் தன்னை மீட்டுக்கொண்ட பெண்கள் உண்டு. அந்நகரில் கிரேக்க மொழி ஆசிரியராக இருந்த வில்லியேனா என்னும் போர்ச்சுக்கீசியர், 1802 அளவில் எழுதிய கடிதங்களில், பெரிய பணக்கார வீடுகளிலிருந்தே இப்படி அடிமைகளைத் தெருவுக்கு அனுப்பிச் சம்பாதிக்கிறார்களே என்று குறைப்பட்டுக்கொள்கிறார். அவர் தரும் பண்டப் பட்டியலில் 'அக்கராஜே' இருக்கிறது; 'அபரா'வும் இருக்கிறது. அக்கராஜே நாம் பார்த்த அக்கராதான். யொரூபாவில் 'ஜே' என்றால் உண்ணுதல். விற்பவள் கூவிய கூவலே பண்டத்தின் பெயராகிவிட்டது என்பர். இலையில் மடித்து வேகவைக்கும் மொயின் மொயின்தான் அங்கே அபரா.

எதை விட்டார்கள்? சோளக் கஞ்சியோடு காலையில் உண்ட வடை, பஹியாவில் மாலைத் தெருப்பண்டமாயிற்று. வடையை இரண்டாகப் பிளந்து உள்ளே மசியல் வைத்தார்கள். அந்த மசியலில் தேங்காய்ப்பால் உண்டு. அத்லாந்திக் கரைத் தென்னை, இந்தியப் பெருங்கடல் பக்கத்திலிருந்து போர்ச்சுக்கீசியர் கொண்டுபோனது. முந்திரி உண்டு, அது பிரேசில் மண்ணுக்கே உரியது, அங்கிருந்துதான் 16-ஆம் நூற்றாண்டில் நம் மேற்குக் கரைக்கு வந்தது. உலர்ந்த இறாலும் சேர்ப்பார்கள். அது நமக்கு ஆகாது, அவர்களுக்கு ஆயிற்று.

எதை விடவில்லை? பயறை விடவில்லை, கண் வைத்த வெள்ளைக் காராமணியேதான். தோல் நீக்குவதை விடவில்லை. அடிப்பதை விடவில்லை. 'தெந்தே' என்னும் சிவந்த பனை எண்ணெயையும் விடவில்லை; ஆப்பிரிக்க எண்ணெய்ப் பனையே கடல் கடந்து பஹியாவில் வேரூன்றிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் போகச் சொன்னார்கள், போனார்கள். ஆனால் காற்றுக்கும் மின்னலுக்கும் உரிய தம் தெய்வமான இயான்சாவுக்கு அக்கராஜே படைப்பதை நிறுத்தவில்லை. புனித பார்பரா என்ற பெயரில் டிசம்பர் 4-ஆம் நாள் அந்தத் தெய்வத்தையே நினைத்துக்கொண்டார்கள். கந்தோம்பிளே என்னும் அவர்கள் சமயத்தில் இந்தப் படையல் இன்றும் நடக்கிறது.

யாருடைய வடை?

பிரேசிலில் அடிமை முறை 1888 மே 13 அன்று சட்டப்படி ஒழிந்தது. அதற்குப் பிறகும் வெள்ளைப் பாவாடை, தலைப்பாகை, மணிமாலையோடு தெருமுனையில் எண்ணெய்ச் சட்டி வைத்து உட்காரும் பெண்கள் நீங்கவில்லை. 'பயானா' என்பது அவர்கள் பெயர். 2005-இல் பிரேசில் அரசின் மரபுச்செல்வக் காப்பு நிறுவனம் அவர்களுடைய தொழிலை நாட்டின் மரபுச்செல்வமாகப் பதிவுசெய்தது. பண்டத்தைப் பதியவில்லை, செய்கிறவர் தொழிலைப் பதிந்தார்கள் என்பது யோசிக்கத் தக்கது.

சச்சரவும் உண்டு. புதிய கிறித்தவச் சபைகளில் சேர்ந்த சிலர் பழைய தெய்வத் தொடர்பு வேண்டாமென்று அதே வடையை 'இயேசுவின் பணியாரம்' என்று பெயர் மாற்றி விற்றனர். பயானாக்கள் கடுமையாக எதிர்த்தார்கள். 2014 உலகக் கோப்பைக் கால்பந்துக்காக விளையாட்டரங்கைச் சுற்றித் தெரு வியாபாரம் கூடாது என்று விதி வந்தபோதும் போராடி இடம் பெற்றார்கள். இவர்கள் தேங்காய்ப்பாலுக்கு மறுப்புச் சொல்லவில்லை, இறாலுக்குச் சொல்லவில்லை, அரைக்க இயந்திரம் வந்ததற்கும் சொல்லவில்லை. யார் செய்தார்கள், எந்த நினைவோடு செய்தார்கள் என்பதை அழித்தபோதுதான் எழுந்து நின்றார்கள்.

இன்னொரு செய்தி. விடுதலை பெற்ற பலர் 19-ஆம் நூற்றாண்டில் பிரேசிலிலிருந்து திரும்பி லாகோசில் குடியேறினர். அவர்கள் வழியினர் இன்றும் பெரிய வெள்ளியன்று அவரையைத் தேங்காய்ப்பாலில் வேகவைத்துக் குழைத்து உண்கின்றனர். அதன் பெயர் 'ஃப்ரெஜோன்'. அவரைக்கான போர்ச்சுக்கீசியச் சொல்லின் திரிபு. பாட்டன் போனது வடையோடு, பேரன் திரும்பி வந்தது வேறொரு பண்டத்தோடு. இரண்டும் இன்று லாகோசுப் பண்டங்களே.

நம் வீட்டு அடுப்பில்

இன்றைய நைஜீரிய இல்லத்தரசி அம்மியை விட்டு மிக்சிக்கு வந்துவிட்டாள். பனை எண்ணெயை விட்டு மற்ற எண்ணெயில் பொரிப்போர் பலர். கடையில் பயறு மாவு வாங்கிக் கரைப்போரும் உண்டு. ஆனால் மிக நைசாகத் திரித்த உலர்மாவில் காற்று சரியாக ஏறாது, வடை கெட்டித்துப்போகிறது. ஊறவைத்து அரைத்ததுபோல் வராது என்று கண்டு பலர் பழைய வழிக்கே திரும்புகின்றனர். சமையலில் எதை மாற்றலாம், எதை மாற்றக்கூடாது என்பதைச் சட்டியே சொல்லிவிடும்.

எங்கள் வீட்டில் இதைச் செய்து பார்த்தோம். சமண வீடாதலால் வெங்காயம் கிடையாது. மிளகும் சீரகமும் கறிவேப்பிலையும் சேர்த்தோம், கடலை எண்ணெயில் பொரித்தோம். முதல் தடவை அடிக்காமல் போட்டு, கல் மாதிரி வந்தது. மறுதடவை என் மனைவி கால் மணி நேரம் கை ஓயாமல் அடித்தாள், பூவாக உப்பியது. பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடித்தோம். யொரூபாப் பெண்மணி ஒருவர் பார்த்தால் வெங்காயம் எங்கே என்று கேட்டிருப்பார். ஆனால் மாவை அடித்த கையைப் பார்த்தால் புரிந்துகொண்டிருப்பார் என்றே நினைக்கிறேன்.

நோன்பு அடைக்கு வருவோம். வறுத்த அரிசி மாவு, வெல்லம், தேங்காய்ப் பல், ஏலம், காராமணி. ஆவியில் வேகவைத்து உருகாத வெண்ணெயோடு படைப்பது. லோபியாவும் அதே பயறுதான். ஒரே ஒரு வேறுபாடு: மணி பெரிது, தோல் மெல்லிது, சீக்கிரம் வெந்துவிடும். வெறும் சட்டியில் லேசாக வறுத்து ஊறவைத்து, குழையாமல் மலர வேகவைத்து எடுத்தால் போதும்.

அந்த அம்மாளின் குடும்பம் மாற்றலாகி வேறு ஊர் போய்விட்டது. நேரில் சொல்ல வாய்ப்பில்லை. இம்மலர் எப்படியாவது அவர் கைக்குப் போனால் நல்லது. அடையாகும் மாமி, நன்றாகவே ஆகும். அன்றைக்கே நான் ஒரு படி அளந்து கொடுத்திருக்க வேண்டும்.