ஓவர்கிளாக்கிங்

கணினியின் பிராசஸரை அதன் தயாரிப்பாளர் குறித்துக் கொடுத்ததைவிடக் கூடுதல் வேகத்தில் ஓட்டுவது ஓவர்கிளாக்கிங். ஒரே சிலிக்கான் தகட்டிலிருந்து வெட்டியெடுக்கப்படும் சில்லுகள்கூட ஒரே தரத்தில் அமைவதில்லை. ஒவ்வொன்றையும் சோதித்து, தவறின்றி ஓடும் வேகத்துக்குச் சற்றுக் கீழே முத்திரை குத்தி விற்கிறார்கள். கோடை வெப்பம், மலிவான மின்விசிறி, பல ஆண்டு உழைப்பு ஆகியவற்றைத் தாங்குவதற்கென்று விடப்படும் இடைவெளி அது. அந்த இடைவெளியைப் பயனர் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்ளத் தொடங்கி நாற்பது ஆண்டுகள் ஆகின்றன.

ஐபிஎம் 1984இல் வெளியிட்ட பிசி ஏடி கணினியில் இன்டெல் 80286 பிராசஸர் 6 மெகாஹெர்ட்ஸில் ஓடியது. வேகத்தை நிர்ணயித்தது மதர்போர்டில் இருந்த 12 மெகாஹெர்ட்ஸ் குவார்ட்ஸ் படிகம். அதில் பாதியே பிராசஸரின் வேகம். ஆர்வலர்கள் அதைக் கழற்றிவிட்டு 16 மெகாஹெர்ட்ஸ் படிகத்தைப் பொருத்தினார்கள், வேகம் 8 ஆனது. ஐபிஎம் இதை விரும்பவில்லை. கணினியைக் கிளப்பும் மென்பொருளான பயாஸின் பிந்தைய பதிப்பில் ஒரு வேகச் சோதனையைச் சேர்த்து, முடுக்கிய கணினி கிளம்பாதபடி செய்தது. 486, பென்டியம் காலத்தில் படிகத்தின் இடத்தை மதர்போர்டு ஜம்பர்கள் பிடித்தன. குறைந்த வேகச் சில்லுகளின் முத்திரையை அழித்து, கூடுதல் வேகத்தைப் பொறித்து விற்ற மோசடிக்காரர்களும் அப்போது பெருகினார்கள். அதைத் தடுக்க இன்டெல் 1990களின் பிற்பகுதியில் பிராசஸரின் பெருக்கியை, அதாவது மதர்போர்டின் பஸ் வேகத்தைப் போல எத்தனை மடங்கில் பிராசஸர் ஓட வேண்டும் என்று சொல்லும் எண்ணை, பூட்டியது.

பூட்டிய பிறகுதான் இத்துறையின் மிகப் புகழ்பெற்ற சில்லு வந்தது. 1998 ஆகஸ்டில் வெளியான செலரான் 300ஏ ஒரு மலிவு விலை பிராசஸர். அதே ஆண்டு ஏப்ரலில் வந்த முதல் செலரானில் இரண்டாம் நிலை கேச் நினைவகமே கிடையாது; 300ஏயில் 128 கிலோபைட் கேச் சில்லுக்குள்ளேயே இருந்து முழு வேகத்தில் இயங்கியது. பஸ் வேகம் 66 மெகாஹெர்ட்ஸ், பெருக்கி 4.5, ஆக 300 மெகாஹெர்ட்ஸ். பெருக்கியைத் தொட முடியாது, பஸ்ஸைத் தொடலாம். இன்டெல்லின் 440பிஎக்ஸ் சிப்செட் கொண்ட மதர்போர்டில் பஸ்ஸை 100 ஆக்கினால் 450 மெகாஹெர்ட்ஸ் கிடைத்தது. அன்றைய உச்சமான பென்டியம் 2இன் வேகத்தை அதன் விலையில் சிறு பங்கு கொடுத்துப் பெற்றார்கள். இது இவ்வளவு நிலையாக ஓடியதற்கு ஒரு காரணம் பலராலும் கவனிக்கப்படுவதில்லை. 66ஐ இரண்டால் வகுத்தாலும் 100ஐ மூன்றால் வகுத்தாலும் 33தான். அதனால் பிசிஐ அட்டைகளும் ஹார்டு டிஸ்க்கும் தமக்கு உரிய வேகத்திலேயே இருந்தன, பிராசஸர் மட்டும் முடுக்கப்பட்டது. அபிட் நிறுவனத்தின் பிஎச்6 போன்ற மதர்போர்டுகளில் ஜம்பரும் தேவையில்லை. பயாஸ் திரையிலேயே மாற்றிக்கொள்ளலாம். புதியவர்களுக்கு ஓவர்கிளாக்கிங் எட்டியது இங்கேதான்.

2000இல் வந்த ஏஎம்டியின் அத்லான், டியூரான் சாக்கெட் பிராசஸர்களில் மேற்பரப்புத் தொடர்புகளைப் பென்சில் கிராஃபைட்டால் இணைத்தே பெருக்கிப் பூட்டைத் திறந்தார்கள். 2011 ஜனவரியில் இன்டெல்லின் சாண்டி பிரிட்ஜ் பிராசஸர்கள் பஸ் வழியை ஏறக்குறைய அடைத்துவிட்டன. அதற்குப் பதில் 2500கே, 2600கே என்று பூட்டில்லாத வகைகள் தனியே விற்பனைக்கு வந்தன. ஒரு காலத்தில் தடுக்கப்பட்ட காரியம் விலைப்பட்டியலில் ஏறியது. 2017இல் ஏஎம்டி தன் முதல் ரைசன் வரிசை முழுவதையும் பூட்டின்றி வெளியிட்டது. இன்னொரு பக்கம், 2022 டிசம்பரில் திரவ ஹீலியத்தால் குளிர்வித்த கோர் ஐ9-13900கே 9 கிகாஹெர்ட்ஸைத் தொட்டது. வீட்டுக் கணினிக்கு அந்தச் சாதனையால் பயனில்லை.

புதியவர் புரிந்துகொள்ள வேண்டியது, வேகத்தைவிட மின்னழுத்தமே ஆபத்தானது என்பதை. மின்செலவு வேகத்தின் விகிதத்தில் ஏறும். மின்னழுத்தம் கூடினாலோ அதன் இருமடியின் விகிதத்தில் ஏறும். இரண்டையும் 10 சதவீதம் கூட்டினால் மின்செலவும் வெப்பமும் சுமார் 33 சதவீதம் கூடும். வேகம் மட்டும் மிகுந்தால் கணினி உறையும், நீலத்திரை வரும். பழைய அமைப்புக்குத் திரும்பினால் பெரும்பாலும் சரியாகிவிடும். மிகையான மின்னழுத்தமோ சில்லையே நிரந்தரமாக நலியச் செய்யும். 2024இல் இன்டெல்லின் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர்கள் பல, பயனர் எதையும் முடுக்காமலே நிலைகுலைந்தன. தேவைக்கு மேலான மின்னழுத்தமே காரணம் என்று அந்நிறுவனம் அறிவித்து, மைக்ரோகோடைத் திருத்தி, உத்தரவாதத்தை இரண்டு ஆண்டு நீட்டித்தது. ஏற்கெனவே கெட்ட சில்லுகளைத் திருத்தத்தால் மீட்க முடியவில்லை.

ஆகவே முறை இது. முதலில் பயாஸைப் புதுப்பித்து, எதையும் மாற்றாமல், பிரைம்95 போன்ற கடும் சோதனையில் வெப்பநிலையைப் பார்க்க வேண்டும். பல இன்டெல் பிராசஸர்கள் 100 டிகிரி செல்சியஸிலும் ரைசன் 7000 வரிசை 95 டிகிரியிலும் தாமே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். இப்போதே அந்த எல்லையை நெருங்கினால் முதலில் நல்ல கூலர் வாங்க வேண்டும். இடம் இருந்தால் பெருக்கியை ஒவ்வொரு படியாக, அதாவது 100 மெகாஹெர்ட்ஸாக, ஏற்றிச் சோதிக்கலாம். மின்னழுத்தத்தை "ஆட்டோ"வில் விடுவது தவறு. சில மதர்போர்டுகள் தேவைக்கு மேல் தாராளமாகக் கொடுத்துவிடும். விண்டோஸ் நிகழ்வுப் பதிவேட்டில் டபிள்யூஎச்இஏ என்ற வன்பொருள் பிழை தென்பட்டால், கணினி ஓடிக்கொண்டிருந்தாலும் அது நிலையற்றது என்றே கொள்ள வேண்டும். கணினி கிளம்பாவிட்டால், பயாஸில் செய்த மாற்றங்களை வைத்திருக்கும் சிமாஸ் அமைப்பை அழித்தால் போதும். சென்னையில் டிசம்பரில் தேறிய அமைப்பை மே மாதத்தில் மறுபடி சோதிப்பது அவசியம், ஏனெனில் காற்றாலோ நீராலோ இயங்கும் சாதாரணக் கூலர் அறை வெப்பநிலைக்குக் கீழே எதையும் குளிர்விக்காது.

இன்றைய பிராசஸர்கள் பழைய இடைவெளியின் பெரும்பகுதியைத் தாமே எடுத்துக்கொள்கின்றன. இன்டெல் 2008இல் கொண்டுவந்த டர்போ பூஸ்ட்டிலிருந்தே இது வளர்ந்துவருகிறது. அதனால் கைமுறை முடுக்கத்தில் மிஞ்சுவது பெரும்பாலும் சில சதவீதமே. ரைசன் 5000 வரிசையில் வந்த கர்வ் ஆப்டிமைசர், மின்னழுத்தத்தைக் குறைத்தே வேகத்தைக் கூட்ட வழி செய்கிறது. புதியவர் தொடங்க அதுவே சிறந்த இடம். தொடங்கும் முன் முக்கியக் கோப்புகளை வேறொரு டிரைவில் நகலெடுத்து வையுங்கள். நிலையற்ற பிராசஸர் எழுதும் கோப்பு கெட்டுப்போனால் எந்த எச்சரிக்கையும் திரையில் வராது.