நிற்கும் சரக்கு: வடசென்னைக் கிடங்குகளில் காலமும் ஆபத்தும்

கிடங்குப் பாதுகாப்பு என்று பேச்செடுத்தால் தீயணைப்பான், தலைக்கவசம், ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநரின் உரிமம், அடுக்கின் உயரம் ஆகியவற்றோடு பேச்சு முடிந்துவிடுகிறது. இவை எல்லாம் வேண்டியவைதாம். ஆனால் இராயபுரத்திலிருந்து திருவொற்றியூர், மணலி வழியாக எண்ணூர்வரை நீளும் துறைமுகத் தொழிற்பகுதியின் அண்மைக்கால வரலாறு வேறோர் அளவுகோலைக் கேட்கிறது. ஒரு சரக்கு ஓரிடத்தில் எத்தனை நாள் நிற்கிறது, நிற்கும்போது அதற்குப் பொறுப்பாளி யார் என்பதே அந்த அளவுகோல். சரக்கு நகரும்போது வரி உண்டு, ரசீது உண்டு, வாயிற்காவல் உண்டு. நின்றவுடன் நிர்வாகம் கண்ணயர்ந்துவிடுகிறது. ஆகவே தங்கும் காலத்தைக் குறைப்பதை வணிகத் திறன் என்ற தலைப்பின்கீழ் மட்டும் வைக்காமல், பாதுகாப்பின் முதல் விதியாகவே கொள்ள வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

மணலிச் சம்பவம் இதற்குத் தெளிவான சான்று. 2015இல் தென்கொரியாவிலிருந்து வந்த சுமார் 740 டன் அம்மோனியம் நைட்ரேட்டைச் சென்னைச் சுங்கத்துறை பறிமுதல் செய்தது. உரத் தரம் என்று காட்டி இறக்கப்பட்ட சரக்கு வெடிபொருள் தரத்தது என்பது துறையின் நிலைப்பாடு. 37 கன்டெய்னர்களில் அது மணலியில் உள்ள ஒரு சரக்குப் பெட்டக நிலையத்தில் ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் நின்றது. 2020 ஆகஸ்ட் 4 அன்று பெய்ரூட் துறைமுகத்தில் 2,750 டன் அம்மோனியம் நைட்ரேட் வெடித்து இருநூறுக்கும் மேற்பட்டோர் மாண்ட பிறகே மணலிச் சரக்கு செய்தியானது. இரண்டு கிலோமீட்டர் சுற்றளவில் குடியிருப்பே இல்லை என்றது சுங்கத்துறை. மணலி புதுநகர் சுமார் 700 மீட்டரில் இருக்கிறது என்றது மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். ஐந்து ஆண்டுகள் கழித்தும், பக்கத்தில் மக்கள் வாழ்கிறார்களா என்பதில் இரண்டு அரசு அமைப்புகள் முரண்பட்டன. சரக்கின் ஆபத்தைவிட இந்த முரண்பாடே எனக்குப் பெரிதாகப் படுகிறது. பிறகு 697 டன் ஏலத்தில் ஐதராபாத் நிறுவனம் ஒன்றுக்குப் போனது. பெய்ரூட் செய்தி வந்து ஒரு வாரத்துக்குள் லாரிகள் கிளம்பத் தொடங்கின.

இப்படி நேர்ந்ததற்குச் சட்டமின்மை காரணமில்லை. சட்டங்கள் பல, ஒவ்வொன்றும் வேறு திசையில் பார்த்துக்கொண்டிருந்ததே காரணம். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் உற்பத்தி நடக்கும் இடத்தையே தொழிற்சாலையாகக் கொண்டது. குளிர்பதனக் கிடங்கில் பொருளை வைத்திருப்பதையும் உற்பத்தியில் சேர்த்த அச்சட்டம் சாதாரணக் குடோனைச் சேர்க்கவில்லை. போபால் விஷவாயு விபத்துக்குப் பிறகு 1987இல் ஆபத்தான செயல்முறைகளுக்கென்று சேர்க்கப்பட்ட தனி அத்தியாயமும் தொழிற்சாலைச் சுவருக்கு வெளியே வரவில்லை. ஆபத்தான ரசாயனங்கள் பற்றிய 1989ஆம் ஆண்டு விதிகள் தனித்த சேமிப்பிடங்களையும் வரம்புக்குள் கொண்டுவந்தன என்பது உண்மை. ஆனால் அவை கடமையைச் சுமத்துவது இடத்தைத் தன் ஆளுகையில் வைத்திருப்பவர்மீது. பறிமுதல் செய்த சரக்குக்கு அப்படிப்பட்டவர் யார்? இறக்குமதியாளர் அதைத் தொட முடியாது; பெட்டக நிலையத்துக்கு அது வாடகை பாக்கி; சுங்கத்துறைக்கு அது வழக்கின் சான்றுப்பொருள். ஆபத்தான பொருளாக அதைப் பார்க்க வேண்டிய கண் எதுவும் அங்கே இல்லை. இத்தனைக்கும் 1962ஆம் ஆண்டின் சுங்கச் சட்டத்திலேயே வழி உண்டு. முப்பது நாட்களுக்குள் எடுக்கப்படாத சரக்கை விற்க 48ஆம் பிரிவு இடம் தருகிறது. அழியக்கூடியவை, ஆபத்தானவை என அரசு அறிவிக்கும் பொருள்களைப் பறிமுதலுக்குப் பின் விரைவில் அகற்ற 110ஆம் பிரிவின் துணைப்பிரிவு அனுமதிக்கிறது.

காலம் ஏன் ஆபத்தாகிறது என்பதற்கு வேதியியல் விடை தருகிறது. அம்மோனியம் நைட்ரேட் தானாக எரியும் பொருள் அன்று. ஆக்ஸிஜன் தந்து பிறவற்றை எரியவைப்பது. அது ஈரத்தை உறிஞ்சிக் கட்டிதட்டும். எண்ணெயோ மரத்தூளோ கலந்து, அடைபட்ட இடத்தில் சூடேறினால் வெடிக்கும். கடற்காற்றின் ஈரம், வெயிலில் காயும் இரும்புப் பெட்டி, வெள்ளம் ஏறும் தாழ்நிலம் என்று மணலியில் இதற்கு வேண்டிய பலவும் உண்டு. 2015 வெள்ளமும் அந்தச் சரக்கு அங்கே இருக்கும்போதுதான் வந்தது. அதே ஆண்டு ஆகஸ்ட் 12 அன்று சீனாவின் தியான்ஜின் துறைமுகக் கிடங்கில் 173 பேரைப் பலிகொண்ட விபத்து தொடங்கியது நைட்ரோசெல்லுலோஸில். அதைப் பாதுகாப்பாக வைத்திருந்த ஈரப்பதம் வெயிலில் உலர்ந்துபோக, அது தானே தீப்பற்றியது. பங்களாதேசத்தின் சீதாகுண்டாவில் 2022 ஜூன் 4 அன்று எரிந்தது மணலியைப் போன்ற ஒரு கன்டெய்னர் முனையம். உள்ளே ஹைட்ரஜன் பெராக்சைடு இருப்பதை அறியாமல் நெருப்பை அணைக்கப் போன தீயணைப்பு வீரர்கள் பலர் வெடிப்பில் இறந்தனர். ஓரிடத்தில் பொருளின் தன்மை மாறியதை யாரும் பார்க்கவில்லை. இன்னோரிடத்தில் பொருள் என்னவென்றே சொல்லப்படவில்லை.

இந்த வாதத்துக்கு எண்ணூரே மறுப்பாகாதா என்று கேட்கலாம். 2023 டிசம்பர் 26 நள்ளிரவை ஒட்டி, பெரியகுப்பம் கரையோரம் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது; மக்கள் மூச்சுத்திணறித் தெருவுக்கு ஓடிவந்தனர், ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனைக்குப் போயினர். அங்கே ஆபத்து வந்தது நகரும் பொருளால்தானே? மேலோட்டமாகப் பார்த்தால் அப்படித்தான். ஆனால் அந்தக் குழாய் கப்பல் வரும்போது மட்டும் வேலை செய்வது. மற்ற நாட்களில் சும்மா கிடப்பது. அந்த மாதத் தொடக்கத்தில் வீசிய மிக்ஜாம் புயலில் குழாயைச் சுற்றியிருந்த பாறாங்கற்கள் நகர்ந்து அதைச் சேதப்படுத்தியிருக்கலாம் என்றது விசாரித்த தொழில்நுட்பக் குழு. புயலுக்கும் கசிவுக்கும் இடையே மூன்று வாரம் இருந்தது. சேதம் கண்ணில் பட வேண்டிய காலம் அதுவே. நிற்கும் சரக்குக்குப் பொருந்துவது நிற்கும் குழாய்க்கும் பொருந்துகிறது.

சரக்கை விரைந்து அனுப்பு என்றால் அவசரம் கூடும், அவசரத்தில் விபத்து கூடும் என்பது இன்னும் கனமான எதிர்வாதம். எண்ணிக்கைக்குக் கூலி பெறும் சுமைதூக்குவோரும், துறைமுக வாயிலில் வரிசை கட்டி நின்று நின்று சலித்த டிரெய்லர் ஓட்டுநர்களும் இருக்கும் இடத்தில் இந்த அச்சம் நியாயமானது. ஆனால் மணலியில் போன ஐந்து ஆண்டுகளில் ஒரு நாளும் தொழிலாளியின் கையால் போகவில்லை. வழக்கிலும் கோப்பிலும் போனது. குறைக்க வேண்டியது அந்த நாட்களை. துறைமுகத்திலிருந்தே இறக்குமதியாளருக்குச் சரக்கை நேரே அனுப்பும் முறை விரிவானபோது, இடைநிலைக் கிடங்கில் இறக்கி ஏற்றும் வேலையே பல சரக்குகளுக்கு இல்லாமல் போனது. ஒருமுறை குறைவாகத் தூக்கினால் ஒருமுறை குறைவாக விழும். திறனும் பாதுகாப்பும் ஒன்றையொன்று வெட்டுவதாகச் சொல்வது பெரும்பாலும் கணக்குப் பார்க்காத பேச்சு.

பெய்ரூட்டுக்குப் பிறகு விதிகள் மாறிவிட்டனவே என்றும் சொல்லலாம். மாறின. அம்மோனியம் நைட்ரேட் விதிகளில் 2021இல் வந்த திருத்தம், பறிமுதல் சரக்கைத் தாமதமின்றி ஏலம்விட வகைசெய்தது; கிடங்கில் தீயணைப்பு வசதியையும் தரையின் தரத்தையும் வலியுறுத்தியது. அது வரவேற்கத்தக்கது. ஆனால் துறைமுகத்தில் இறங்கும் சரக்கை அதற்கு 500 மீட்டருக்கு அப்பால் கொண்டுபோக வேண்டும் என்றும் அது சொல்கிறது. சென்னைத் துறைமுக மதிலிலிருந்து 500 மீட்டர் தள்ளினால் வருவது இராயபுரத்தின் தெருக்கள். துறைமுகத்தைக் காப்பாற்ற எழுதிய தூரம் ஊரைக் காப்பாற்றும் என்று எதிர்பார்க்க முடியாது. மேலும் இவ்விதி ஒரே ஒரு பொருளுக்கானது. சீதாகுண்டாவில் வெடித்தது வேறு பொருள். 13 சட்டங்களை ஒன்றாக்கிய புதிய தொழில் பாதுகாப்புத் தொகுப்பு பணியாளர் எண்ணிக்கையைக் கொண்டே பெரும்பாலும் வரம்பை வகுக்கிறது. இரண்டு காவலாளிகள் மட்டும் இருக்கும் ஒரு முற்றத்தில் ஐநூறு டன் ரசாயனம் இருக்கக்கூடும் என்பதை அந்த அளவுகோல் காணாது.

எனவே வேண்டியது ஆபத்து வகையையும் தங்கிய நாளையும் ஒருசேரக் காட்டும் ஒரு பதிவேடு. ஒவ்வொரு பெட்டக நிலையமும் வாரந்தோறும் அதைத் தீயணைப்புத் துறைக்கும் மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத்துக்கும் அனுப்ப வேண்டும். வகைக்கேற்ற நாள் வரம்பு தாண்டினால், வழக்கு நிலுவையில் இருந்தாலும், மாதிரியைச் சான்றாக எடுத்துக்கொண்டு சரக்கை விற்றுப் பணத்தை வைப்பில் போடலாம். பட்டியல் வெளியானால் திருட்டுக்கும் நாசவேலைக்கும் வழியாகும் என்ற அச்சத்துக்கு மதிப்புண்டு. அதனால்தான் அதைச் சுவரில் ஒட்டச் சொல்லவில்லை. நெருப்புக்குள் போகிறவர் கையில் அது இருந்தால் போதும். கன்டெய்னரில் என்ன இருக்கிறது, எந்தத் தேதியில் வந்தது என்ற இரண்டு தகவலும் சுங்கத்துறையின் கணினியில் ஏற்கெனவே உள்ளவை. அவற்றைத் தீயணைப்பு நிலையத்துக்குத் தர நாடாளுமன்றம் புதுச் சட்டம் இயற்றக் காத்திருக்க வேண்டியதில்லை; சென்னைச் சுங்க ஆணையரகமும் மாவட்ட நிர்வாகமும் ஒரு சுற்றறிக்கையில் அதைத் தொடங்கலாம், அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே தொடங்க வேண்டும்.